எந்தக் கிழமை?

ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய அணி உண்மையிலேயே அந்த ஊருக்குச் சொந்தமானதுதானா? எந்த நகரத்து அணியைப் பற்றியும் இப்படிக் கேட்கலாம். ஆனால் சென்னையின் கால்பந்துக் கழகத்தைப் பொறுத்தவரை, அந்தக் கேள்வி அதன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்கழகத்திற்கு இட்ட பெயர் ‘சென்னையின் எஃப்சி’. சென்னை என்றோ, சென்னை அணி என்றோ சொல்லாமல் ‘சென்னையின்’ என்றார்கள். பேச்சின் நடுவே ஒருவர் எழுந்து போய்விட்டதைப் போல அந்தச் சொல் பாதியில் நிற்கிறது. சென்னையின் எது? சென்னையின் பெருமையா, சென்னையின் பொழுதுபோக்கா, சென்னையின் பிள்ளையா?

பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தூரம் நடப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நன்னூலார் கணக்கில் ‘இன்’ என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு. அதன் முதன்மைப் பொருள் நீங்கல். ‘ஊரின் நீங்கினான்’ என்றால் ஊரைவிட்டுப் போனான் என்பது பொருள். உடைமையைச் சொல்வது ஆறாம் வேற்றுமை. அதற்கு இலக்கணம் தந்த பெயர் கிழமைப் பொருள். இன்று நாம் கிழமை என்ற சொல்லை வார நாட்களுக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. கிழமை என்றால் உரிமை. இந்த உரிமையை நம் முன்னோர் இரண்டாகப் பிரித்தார்கள். ‘கண்ணனது கை’ என்பது தற்கிழமை. கை கண்ணனோடு பிறந்தது, அவனைவிட்டுப் பிரியாதது. ‘கண்ணனது வீடு’ என்பது பிறிதின் கிழமை; இன்று அவனுடையது, நாளை விற்றுவிட்டால் வேறொருவருடையது.

இன்றைய வழக்கில் ‘இன்’ என்னும் ஒரே அசை உடைமையையும் குறிக்கிறது. பழைய இலக்கணத்தில் பிரிவையும் குறிக்கிறது. இக்கழகத்தின் கதையை நினைக்கும்போதெல்லாம் இந்த இரட்டைப் பொருள் எனக்கு நினைவு வரும். அது சென்னையின் கையா, சென்னையின் வீடா?

பத்திரத்தைப் பார்த்தால் விடை எளிது. இந்தியன் சூப்பர் லீக் என்ற போட்டி 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, சென்னை அணியின் உரிமையைப் பெற்றவர்கள் நடிகர் அபிஷேக் பச்சனும் தொழில்முனைவோர் விடா தானியும். கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியும் பங்குதாரராகச் சேர்ந்தார். 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பையை இத்தாலிக்காக வென்ற மார்கோ மட்டெராசி, ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். பிரேசிலின் எலானோ வந்து, முதல் பருவத்திலேயே 8 கோல்கள் அடித்து அதிக கோல் அடித்தவர் என்ற விருதைப் பெற்றார். அணியின் சின்னமாக, புதுவீட்டு வாசலில் நாம் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையைப் போன்ற ஒரு முகம் வரையப்பட்டது. சீருடை நீலம். எல்லாம் அழகாக, விரைவாக, வெளியிலிருந்து வந்து சேர்ந்தன. மயிலாப்பூர் மாடவீதிகளில் கிரிக்கெட் மட்டையோடு வளர்ந்த தலைமுறைக்கு இது ஒரு புதிய கடை திறப்பைப் போலவே தெரிந்தது.

ஆனால் கடை புதிதென்றாலும் சந்தை பழையது. அணி ஆடிய ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம், ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம், பெரியமேட்டில் இருக்கிறது. இன்றுள்ள வடிவில் அது 1993இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர் பெற்றிருந்த அதே இடத்தில்தான், 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் அந்தச் சாதனை 2008 வரை நிலைத்தது. கிரிக்கெட் அங்கிருந்து சேப்பாக்கத்திற்குப் போய்விட்டது. புல்தரை கால்பந்துக்கு வந்தது. அரங்கைச் சுற்றியுள்ள விளையாட்டுச் சாமான் கடைகளில் பந்துக்கும் பூட்ஸுக்கும் பேரம் பேசும் சிறுவர்களைப் பார்த்தவர்கள், சென்னையில் கால்பந்து இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

எங்கே இருக்கிறது அந்தக் கால்பந்து? வடசென்னையின் வியாசர்பாடியில் இருக்கிறது. அங்கே குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்குப் பந்தையும் பாடப் புத்தகத்தையும் ஒன்றாகக் கையில் கொடுக்கும் தொண்டு அமைப்பு ஒன்று பல்லாண்டுகளாக இயங்கி வந்திருக்கிறது. நம் தென்சென்னையிலும் இருக்கிறது; தேடிப் பார்க்க வேண்டும். தியாகராய நகரின் சோமசுந்தரம் மைதானத்தில் விடியற்காலையில் ஐந்தாறு கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவே ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும். சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் வரையிலும், அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டிப் பெசன்ட் நகரிலும், மாலையில் வலைகள் உலரும் மணலில் செருப்புகளையே கோல் கம்பங்களாக வைத்து ஆடும் பிள்ளைகளைக் காணலாம். இன்னும் தெற்கே போனால், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், கோயில் முற்றமும் கால்பந்துத் திடலும் அடுத்தடுத்து அமைந்த மீனவக் கிராமங்களின் வரிசை. அங்கே இரவிப்புத்தன்துறை என்ற ஊரிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் என்னும் உடன்பிறப்புகள் இருவரும் நாடறிந்த ஆட்டக்காரர்கள் ஆனார்கள். எத்தனையோ பங்குகளில் திருவிழாவையொட்டி இன்றும் கால்பந்துப் போட்டி நடத்துவதை வாசகர்கள் அறிவார்கள். ஆக, சென்னைக்கும் தமிழகத்துக்கும் கைகள் இருந்தன. பெயர் தாங்கிய அணிதான் வெளியிலிருந்து வந்தது. இரண்டும் ஒட்டுமா என்பதுதான் கேள்வி.

முதல் பருவத்தில் அணி பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் அரையிறுதியில் கேரளத்திடம் கொச்சியில் 3 கோல்களில் தோற்றது. சென்னையில் அதே 3 கோல்களைத் திருப்பி அடித்துச் சமன் செய்தபின், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் வாங்கிய ஒரு கோலால் வெளியேறியது. நல்ல ஆட்டம் என்று நகரம் கைதட்டியது, பிறகு மறந்தது. பிறிதின் கிழமை என்பது அப்படித்தான் இருக்கும். அடுத்த வீட்டுக் கல்யாணம் சிறப்பாக நடந்தால் மகிழ்வோம், நின்றுபோனால் வருந்துவோம், இரவு நன்றாகத் தூங்குவோம்.

அடுத்த ஆண்டு, 2015, சென்னையால் மறக்க முடியாத ஆண்டு. டிசம்பர் 1ஆம் நாள் கொட்டிய மழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவில் திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து, அடையாற்றைக் கரை மீறச் செய்தன. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்த என் தங்கை, கைக்கு அகப்பட்ட சான்றிதழ்களையும் மருந்துப் பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். திருவருகைக் காலத்தின் அந்த வாரங்களில் எங்கள் பங்கு மண்டபத்தில் குடில் கட்டும் வேலை நடக்கவில்லை. சோற்றுப் பொட்டலம் கட்டும் வேலைதான் நடந்தது.

அந்தப் பருவத்தின் நடுவில் சென்னையின் எஃப்சி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு எப்படியோ எழுந்து, கடைசி லீக் ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று அரையிறுதிக்கு வந்திருந்தது. ஆனால் ஆடுவதற்கு ஊர் இல்லை. வெள்ளத்தால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12ஆம் நாள், தன் ஊரின் நீங்கிய அணி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. எங்கள் மண்டபத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த இளைஞர்களுள் ஒருவன் கைப்பேசியை அரிசி மூட்டையின்மேல் சாய்த்து வைத்திருந்தான். மூன்றாவது கோல் விழுந்தபோது எழுந்த கூச்சலில், மண்டபத்தின் மறுபக்கம் பாய் விரித்துப் படுத்திருந்த முதியவர்கள் ‘மறுபடியும் தண்ணி வந்துடுச்சா?’ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். விவரம் தெரிந்தபின் அவர்களுள் ஒருவர், ‘நம்ம ஊரு ஜெயிச்சுதா? நல்லாருக்கட்டும்’ என்று சொல்லித் திரும்பப் படுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு கால்பந்து ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்திராதவர் அவர். ‘நம்ம ஊரு’ என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, கோவா மாநிலத்தின் ஃபதோர்டா அரங்கில். எதிரணி கோவா. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. அரங்கமே அவர்களுடையது, நேரமும் முடிந்துவிட்டது. 90ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல்காப்பாளர் கட்டிமணியின் கைபட்ட பந்து அவருடைய வலைக்குள்ளேயே புகுந்தது. இரண்டே நிமிடங்களில் கொலம்பிய வீரர் ஸ்டீவன் மென்டோசா மூன்றாவது கோலை அடித்தார். 3-2. சேறு காயாத ஒரு நகரத்துக்கு முதல் கோப்பை கிடைத்தது. அது வீடிழந்த எவருக்கும் வீட்டைத் திருப்பித் தரவில்லை; அப்படிச் சொல்வது துன்பத்தை அவமதிப்பதாகும். ஆனால் அந்த வாரத்தில் இந்த நகரத்தின் பெயர் வெள்ளத்தோடு மட்டுமல்லாமல் வேறொன்றோடும் சேர்ந்து உச்சரிக்கப்பட்டது. துயரத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் ஒரு சிறு கொடைதான்.

ஊரைவிட்டு நீங்கி ஆடிய அணி என்றால், உலகக் கால்பந்தில் அதற்குப் பெரிய முன்னோடி ஒன்று உண்டு. செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில் 1945 மார்ச் 4ஆம் நாள், உலகப் போர் முடிவதற்கு முன்பே தொடங்கப்பட்ட ‘ரெட் ஸ்டார்’ கழகம் அது. செவ்விண்மீன் என்று நாம் சொல்லலாம். 2014இல் நம் சென்னை அணிக்கு ஆடிய போயான் ஜோர்ஜிச், பெல்கிரேடில் பிறந்து சுவீடனில் வளர்ந்தவர். சிறிது காலம் அந்தச் செவ்விண்மீன் அணியிலும் ஆடியவர். 1991 மே 29ஆம் நாள், இத்தாலியின் பாரி நகரில், பிரான்சின் மார்செய் அணியைப் பெனால்டி உதைகளில் 5-3 என்று வென்று, ஐரோப்பாவின் மிக உயர்ந்த கோப்பையைச் செவ்விண்மீன் கைப்பற்றியது. அந்த அணியில் செர்பியர் மட்டுமல்லர்; குரோவாசியர், மாசிடோனியர், மாண்டினீக்ரோவினர், போஸ்னியர் எல்லாரும் இருந்தார்கள். யுகோஸ்லாவியா என்ற நாடு ஒன்றாக நின்று வென்ற கடைசிப் பெருவெற்றிகளுள் அதுவும் ஒன்று. சில வாரங்களில் போர் மூண்டது; நாடு உடைந்தது. ஐரோப்பாவின் வாகையர், அடுத்த பருவத்தில் தம் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் ஆட வேண்டியதாயிற்று. 1992இல் ஐ.நா. விதித்த தடையால் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்தே விலக்கப்பட்டார்கள். வீரர்கள் சிதறினார்கள். ஆனால் கழகம் சாகவில்லை. நாட்டின் பெயர் மாறியது, எல்லை மாறியது, கொடி மாறியது. கழகத்தின் பெயர் மாறவில்லை. அதற்கு ஒரு காரணம், அது தனியொருவரின் சொத்தாக இல்லாமல் உறுப்பினர்களின் சங்கமாக இருந்துவந்தது.

அந்த அணியின் ஆதரவாளர் எல்லாரையும் நான் புகழ வரவில்லை. ஊர்ப்பற்று இனவெறியாக மாறி, விளையாட்டரங்கின் கூட்டம் போர்க்களத்துக்கு ஆள்சேர்க்கும் இடமாக ஆன கொடுமையும் அந்த ஆண்டுகளில் அங்கேதான் நடந்தது. தற்கிழமையிலும் நோய் வரும். கையே கழுத்தை நெரிக்கவும் கூடும். இருந்தாலும் அந்த வரலாறு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. மக்களோடு ஒட்டிப்போன கழகத்தை நாடே உடைந்தாலும் உடைக்க முடியாது.

நம் ஊருக்குத் திரும்புவோம். 2018 மார்ச் 13ஆம் நாள் நடந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, பூங்கா நகரில் இறங்கி, ரிப்பன் மாளிகையைச் சுற்றி நடந்தால் அரங்கம். கோவாவோடு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் 1-1. 26ஆவது நிமிடத்தில் மிசோரமின் ஜெஜே ஒரு கோல் அடித்தார், அரங்கம் ஆரவாரித்தது. மூன்றே நிமிடங்களில் இரண்டாவது கோல். இந்த முறை அடித்தவர் தனபால் கணேஷ். எழுந்த ஓசை வேறுவிதமாக இருந்தது. எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த, சுமை வண்டி ஓட்டும் தொழிலாளி ஒருவர், என்னை யாரென்றே தெரியாமல் தோளைப் பிடித்து உலுக்கினார். ‘வியாசர்பாடி சார்! எங்க ஏரியா பையன் சார்!’ என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்தத் திடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மண்தரையில் ஆடிப் பழகிய பிள்ளை, அதே நகரத்தின் பெயரைத் தாங்கி, அதே நகரத்தார் முன்னிலையில் கோல் அடித்துவிட்டான். சென்னையின் எது என்ற கேள்விக்கு அந்தத் தொழிலாளி விடை சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றிற்று. சென்னையின் பையன்.

அந்த ஆட்டத்தை 3-0 என்று வென்ற அணி, மார்ச் 17ஆம் நாள் பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று வீழ்த்தி இரண்டாம் முறை வாகை சூடியது. பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஜான் கிரகரி. எதிரணியின் சுனில் சேத்ரி 9ஆவது நிமிடத்திலேயே கோல் அடித்தபின், பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல்களும், ராஃபேல் அகஸ்டோ ஒரு கோலும் அடித்தார்கள்.

வெற்றிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அடுத்த பருவத்திலேயே அணி 18 ஆட்டங்களில் 2 மட்டும் வென்று கடைசி இடத்துக்குச் சரிந்தது. 2019இல் ஆசியக் கூட்டமைப்பின் கோப்பைப் போட்டியில் கொழும்பு அணியை வென்று முன்னேறியபோதும், ‘சொந்த ஊர்’ ஆட்டத்தை அகமதாபாத்தில்தான் ஆடியது. 2019-20 பருவத்தில் மீண்டும் அடியிலிருந்து எழுந்து இறுதி ஆட்டத்துக்கு வந்தது. லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்திருந்தார். ஆனால் 2020 மார்ச் 14ஆம் நாள், பெருந்தொற்றின் அச்சத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லாத ஃபதோர்டா அரங்கில், கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றது. அழுவதற்கும் ஆளில்லாத தோல்வி அது. அடுத்த இரு பருவங்களும் கோவாவிலேயே பூட்டிய அரங்குகளில் நடந்தன. ‘இன்’ என்பதன் பழைய பொருள், நீங்கல், விடாமல் அந்த அணியைத் தொடர்ந்து வந்தது.

இதற்கிடையில் இன்னொரு கழகத்தின் கதையையும் நாம் நினைவுகூர வேண்டும். ‘சென்னை சிட்டி’ என்ற பெயர் தாங்கிய கழகம், சென்னையில் தொடங்கி, பின்னர் கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்டு ஐ-லீக் போட்டியில் ஆடியது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பானிய வீரர் சிலரும், குமரிக் கடற்கரையின் மைக்கேல் ரெஜின் உள்ளிட்ட தமிழ்நாட்டு இளைஞர் பலரும் சேர்ந்த அணி. 2019 மார்ச் 9ஆம் நாள் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழகக் கழகம் ஆனது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசல் கழகம் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. இனி என்ன குறை என்று எண்ணினோம். 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் அதன் பெயரே இல்லை. நாட்டையே வென்ற அணி மூன்று ஆண்டுகளுக்குள் காணாமற்போயிற்று. நகரம் ஓர் இரங்கல் செய்திகூட வாசிக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடினால் மட்டும் போதாது, கோப்பை வென்றால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. கை இருந்தது, அதை நம் கை என்று நாம் உணரவில்லை.

பிறகு 2025 வந்தது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் போட்டியை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையே 2010இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பரில் முடிய இருந்தது. புதிய ஏற்பாடு முடிவாகாததால் ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. இருமுறை வாகை சூடிய கழகம், ஒரு தாளின் கையெழுத்துக்காகக் காத்து, கதவைச் சாத்தியது. 2026 ஜனவரியில், 14 கழகங்களும் பங்குபெறும் சுருக்கமான பருவம் ஒன்று பிப்ரவரியில் நடக்கும் என்று அறிவிப்பு வரும்வரை, வீரர்களும் பயிற்சியாளர்களும், சீருடை துவைப்பவர் முதல் புல்தரை பராமரிப்பவர் வரை சம்பளத்தை நம்பியிருந்த பலரும் நிச்சயமின்மையில் வாழ்ந்தார்கள்.

எங்கள் பங்கில் ஓர் இளைஞன் இருக்கிறான். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. வார நாட்களில் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் பதினைந்து இருபது சிறுவர்களைக் கடற்கரை மணலுக்கு அழைத்துப் போய்க் கால்பந்து சொல்லித் தருகிறான். கூலி கிடையாது. பந்துகூட அவன் காசில் வாங்கியதுதான். அந்த ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறன்று, சிறுவர்களுள் நீலச் சட்டை அணிந்த ஒருவன் அவனிடம், ‘அண்ணா, டீமே இல்லன்னா நாம எதுக்கு கத்துக்கணும்?’ என்று கேட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன். பத்து வயதுப் பிள்ளையின் கேள்விதான். ஆனால் ஒரு நகரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அவன் எதிர்காலத்தில் ஒரு சிறு துண்டு அந்த நீல நிறத்தில் இருந்தது. அதை யாரோ எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து நிறுத்திவைத்துவிட்டார்கள்.

இளைஞன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ‘டீம் வந்து நம்மள ஆட வெக்கலடா. நாம ஆடறதாலதான் டீம் வந்துச்சு. போய் நில்லு, பாஸ் போடறேன்’ என்றான்.

இத்தனை ஆண்டுகள் வேற்றுமை நடத்திய எனக்கு, அந்த விடையில் ஒரு புதுப் பாடம் இருந்தது. அணி நகரத்துக்குச் சொந்தமா என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனோ வேரை மணலில் காட்டினான். வியாசர்பாடியின் மண்தரையும், சாந்தோமின் மணலும், இரவிப்புத்தன்துறையின் திடலும் முதலில் இருந்தவை. அவைதான் தற்கிழமை. கழகம் அவற்றுக்குப் பிறகு வந்தது. அவற்றிலிருந்து ஊட்டம் பெறும்வரை அதுவும் கையாகும். அவற்றை மறந்தால் வீடாகவே இருந்து, ஒரு நாள் விலைக்குப் போகும்.

கை எது, வீடு எது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பிரிக்கும்போது வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021இல் ஒரு கழகம் மறைந்தபோது நமக்கு வலிக்கவில்லை. 2025இல் இன்னொன்று கதவைச் சாத்தியபோது, நீலக் கொடியேந்திய ‘சூப்பர் மச்சான்ஸ்’, ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’ போன்ற ஆதரவாளர் குழுக்களுக்கு வலித்தது. மணலில் நின்ற ஒரு சிறுவனுக்கு வலித்தது. வலி பரவியிருக்கிறது. அது நல்ல அடையாளம்.

ஆனால் வலி மட்டும் போதாது. உரிமை என்பது கடமையின் மறுபக்கம். ஒரு பங்கு தன் வளாகத்தின் ஒரு மூலையை வாகனம் நிறுத்த விடாமல் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். தன் காசில் பந்து வாங்கும் இளைஞனுக்கு அடுத்த பந்தை நாம் வாங்கித் தரலாம். திருவிழாப் போட்டியில் கோப்பை கொடுத்துக் கைகுலுக்குவதோடு நில்லாமல், அதில் நன்றாக ஆடிய ஏழைப் பிள்ளைக்கு ஓராண்டுப் பயிற்சிக்கு வழி செய்யலாம். கழகத்தை நடத்துவோரும், வெளிநாட்டு வீரருக்குத் தேடும் பணத்தில் ஒரு பங்கை இந்தத் திடல்களில் விதைக்க வேண்டும் என்று ஊரார் உரிமையோடு கேட்கலாம். உரியவர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

‘சென்னையின்’ என்ற சொல் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அதன் பின்னால் வர வேண்டிய பெயர்ச்சொல்லை உரிமையாளர்களால் எழுத முடியாது. கோப்பைகளாலும் எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடலோர மணலில் ஓடும் சிறுவர்கள் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதி முடிக்கும்வரை அவர்களுக்குத் திடல் இருக்க வேண்டும். அதைக் காத்துத் தருவது நம் பொறுப்பு.